ஒத்தியைக் குத்தகை ஆக்காதீர்கள்

"வீட்டை அண்ணனுக்கு லீஸுக்கு விட்டிருக்கேன், வரி கட்டணுமா?" என்று யாராவது கேட்டால், தமிழில் மொழிபெயர்த்து வரும் வரிக் கட்டுரைகளில் ‘உங்கள் குத்தகை வருமானம்’ என்றுதான் பதில் தொடங்குகிறது. லீஸ் என்றால் அகராதியில் குத்தகை, மொழிபெயர்ப்பாளர் போட்டுவிடுகிறார். ஆனால் கேட்டவர் சொன்னது ஒத்தி, அதாவது வாங்கிய கடனுக்கு வட்டி தராமல் வீட்டை அனுபவிக்கக் கொடுப்பது. கீழக்கரையிலிருந்து தொண்டி வரை எங்கள் ராமநாதபுரம் பக்கத்தில் இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. சென்னையில் ஒத்திக்கு லீஸ் என்று பெயர் வைத்தார்கள், அது தமிழுக்குத் திரும்பும்போது குத்தகையாகி வருகிறது.

எழுத்து வடிவம் ஒற்றி. காற்று காத்தானதுபோல ஒற்றி ஒத்தியானது. மலையாளத்திலும் ஒற்றிதான். சில ஊர்களில் போக்கியம் என்பார்கள், அது வடசொல்.

பொருளுக்கு வருவோம். பணம் தேவைப்படுகிறவர் கடனை வாங்கிக்கொண்டு வீட்டையோ தோப்பையோ கடன் கொடுத்தவர் கையில் ஒப்படைக்கிறார். வட்டியும் இல்லை, வாடகையும் இல்லை. வட்டிக்கு ஈடாகக் கடன் கொடுத்தவர் சொத்தை அனுபவிக்கிறார். பணம் திரும்பினால் சொத்து திரும்பும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 58ஆம் பிரிவில் இதை அடமானத்தின் ஒரு வகையாகச் சொல்கிறது. குத்தகை எங்கோ தள்ளி, 105ஆம் பிரிவில் இருக்கிறது.

உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர் வருடத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார், காய் அவருக்கு. கொடுத்த பணம் திரும்பாது. காலம் முடிந்தால் தோப்பை விட வேண்டும். ஒத்திக்காரர் கடன் கொடுத்தவர். தன் பணம் வரும்வரை அவர் வெளியேற வேண்டியதில்லை. உடையவருக்கும் காப்பு உண்டு: வருடங்கள் ஓடிவிட்டன என்பதற்காக மட்டும் ஒத்தியை மீட்கும் உரிமை போய்விடாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குத்தகை என்று எழுதினால் இந்த இரண்டு காப்புமே அந்தச் சொல்லில் இல்லை.

வரியிலும் அப்படித்தான். குத்தகைப் பணம் வருமானம். ஒத்திப் பணம் கடன், அதற்கு வருமான வரி கிடையாது. ஆனால் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அண்ணன் தங்கை என்பதற்குச் சட்டத்தில் தனி விலக்கு இல்லை. வங்கி வழியாகவே வாங்குங்கள். அப்புறம், "கூடப்பிறந்தவனுக்குள்ள பத்திரம் எதுக்கு?" என்ற பேச்சு. 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள ஒத்திக்கு இரண்டு சாட்சிகளோடு பதிவுப் பத்திரம் வேண்டும். முத்திரைத்தாளில் எழுதி வீட்டிலேயே வைத்துக்கொண்டால் சட்டத்தின் கண்ணில் அது ஒத்தியே அல்ல.

தனித்தமிழ் விரும்பும் நண்பர்கள் சிலர் ‘பயன்துய்ப்பு அடமானம்’ என்று எழுதுகிறார்கள். பொருள் சரி. ஆனால் ஒற்றி என்ற நல்ல தமிழ்ச்சொல் உயிரோடு புழங்கும்போது, அதை விட்டுவிட்டு ‘அடமானம்’ சேர்த்து ஒன்றைக் கட்டுவது எந்தத் தூய்மை? பத்திர எழுத்தரிடம் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள், "ஒத்தியா?" என்றுதான் கேட்பார்.

இதே கட்டுரைகளில் இன்னொரு அலட்சியம்: ‘உறவினர் தரும் அன்பளிப்புக்கு வரி இல்லை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வருமான வரிச் சட்டத்தின் பட்டியலில் கூடப்பிறந்தவர் உண்டு, சித்தப்பா, அத்தை, மாமா உண்டு. சித்தப்பா மகன் இல்லை. நமக்கு அவரும் தம்பிதான். அவர் திரும்ப வேண்டாம் என்று தரும் பணம் வருடத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகைக்கும் வரி உண்டு. தம்பி, அண்ணன், உறவினர் என்று பொதுவாக எழுதுகிறவர்கள், யார் வயிற்றுப் பிள்ளை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.