துளையுள்ள படகு மூழ்காதது ஏன்? காற்றடைத்த படகில் நீர் தானே வடியும் விதம்

ரிஷிகேஷுக்கு மேலே சிவ்புரியில் கங்கையின் விரைவோட்டங்களில் இறங்கும் ராஃப்ட் எனப்படும் காற்றடைத்த படகுகளைக் கவனித்தால், தரையும் பக்கக் குழாயும் சேரும் ஓரம் நெடுகத் துளைகள் இருப்பதைக் காணலாம். ஒவ்வொரு அலையும் படகுக்குள் நீரைக் கொட்டுகிறது; சற்று நேரத்தில் அந்த நீர் துளைகள் வழியே ஆற்றுக்கே திரும்பிவிடுகிறது. படகிலிருப்போர் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு நீர் இறைக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. இதைக் கண்டு, தம்மிடமுள்ள சிறிய காற்றடைத்த படகிலும் துளையிட விரும்புவோர் பலர். ஆனால் துளை இந்த ஏற்பாட்டின் கடைசிப் படிதான். முதலில் மாற வேண்டியது தரையின் உயரம்.

நீர் எப்போதும் உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்துக்கே ஓடும். படகின் உள்ளே நிற்கும் நீரின் மட்டம் வெளியே உள்ள ஆற்றின் மட்டத்தைவிட உயர்ந்திருந்தால் துளை வழியே நீர் வெளியேறும். தாழ்ந்திருந்தால் ஆறு உள்ளே வரும். சாதாரண காற்றடைத்த படகின் தரை ஒற்றைத் துணித்தாள். அது ஆற்று மட்டத்துக்குக் கீழேதான் தொங்குகிறது. அதில் துளையிட்டால் உள்மட்டமும் வெளிமட்டமும் சமமாகும்வரை நீர் ஏறும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இராணுவத்தின் மிச்சப் படகுகளைக் கொண்டு அமெரிக்க ஆறுகளில் பயணம் செய்தவர்கள் வாளியும் கையுமாக இருந்ததற்கு இதுவே காரணம். தானே வடியும் தரை 1980களில்தான் ராஃப்டுகளில் பரவியது.

அந்தத் தீர்வு, தரையையே ஒரு காற்றறையாக மாற்றுவது. ஏறத்தாழ 10 செ.மீ. தடிப்புள்ள காற்றுத்தரை தன் பருமனுக்கு ஈடான நீரை இடம்பெயர்த்து மேலே மிதக்க முயல்கிறது. சுமை அளவோடு இருந்தால் அதன் மேற்பரப்பு ஆற்று மட்டத்துக்குச் சற்று மேலேயே நிற்கும். நம் கடற்கரைக் கட்டுமரமும் இதே முறையில்தான் இயங்குகிறது: மரங்களின் இடைவெளி வழியே நீர் வந்துபோகும், மிதப்பைத் தருவது மரத்தின் பருமனே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்தரை 3 மீட்டர் நீளம், 80 செ.மீ. அகலம் என்று கொண்டால், 10 செ.மீ. தடிப்புள்ள காற்றுத்தரை 240 லிட்டர் நீரை இடம்பெயர்க்கும். அதாவது 240 கிலோவைத் தாங்கும். 40 செ.மீ. விட்டமுள்ள இரு பக்கக் குழாய்களும் அதே ஆழத்துக்கு அமிழும்போது இன்னும் ஏறத்தாழ 150 கிலோவைத் தாங்கும். ஆக, படகின் எடையும் ஆட்களும் மூட்டைகளும் சேர்ந்து 390 கிலோவைத் தொடும்போது தரையின் மேற்பரப்பு ஆற்று மட்டத்தோடு சமமாகிவிடும். அதற்குமேல் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் நீரை உள்ளே வரவழைக்கும். மூன்று பேரும் படகும் சேர்ந்து 250 கிலோ என்றால், தரை ஆற்றுக்கு மேலே சுமார் 3 செ.மீ. உயர்ந்து நிற்கும்.

இப்போது ஓர் அலை 5 செ.மீ. ஆழத்துக்கு நீரைக் கொட்டுகிறது என்போம். அது 120 லிட்டர், அதாவது 120 கிலோ. இரண்டு பேர் கூடுதலாக ஏறிக்கொண்டதற்குச் சமம். அந்த எடை படகை ஏறக்குறைய 2.7 செ.மீ. கீழே அழுத்தும். ஆயினும் தரை ஆற்று மட்டத்துக்கு மேலேயே இருப்பதால் நீர் வடியத் தொடங்குகிறது. வடிய வடியப் படகு எழும்புகிறது. எடையைவிடப் பெரிய ஆபத்து அந்த நீரின் அசைவு. படகு ஒரு பக்கம் சாய்ந்தால் நீர் முழுவதும் அந்தப் பக்கமே ஓடிச் சேர்ந்து சாய்வை இன்னும் கூட்டும். வடிகாலின் வேகம் முக்கியமாவது இதனால்தான்.

அந்த வேகம் துளைகளின் மொத்தப் பரப்பைப் பொறுத்தது. 2 செ.மீ. விட்டமுள்ள பத்துத் துளைகள் அந்த 120 லிட்டரை வடிக்க ஏறத்தாழ இரண்டு நிமிடம் எடுக்கும். விட்டத்தை 4 செ.மீ. ஆக்கினால் பரப்பு நான்கு மடங்காகி, அரை நிமிடம் போதும். விரைவோட்டத்தில் இரண்டு நிமிடம் மிக நீண்ட நேரம். இலையும் மணலும் அடைக்கும் என்பதையும், மூட்டைகள் சில துளைகளை மூடிவிடும் என்பதையும் நினைத்தால், கணக்குச் சொல்வதைவிடத் தாராளமாகத் துளையிடுவதே நல்லது.

தரையின் விறைப்பையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மென்மையான தரை, கால் ஊன்றிய இடத்தில் குழிந்து ஆற்று மட்டத்துக்குக் கீழே போகும். அங்கே தேங்கும் நீர் எந்தத் துளையையும் எட்டாது. மேல்தாளையும் கீழ்த்தாளையும் ஆயிரக்கணக்கான நூல்களால் இணைத்த தட்டையான காற்றுத்தரையை 0.5 முதல் 0.7 பார் (பார் என்பது காற்றழுத்த அலகு) வரையிலான அழுத்தத்தில் நிரப்பலாம் என்பதால், அது பலகைபோல் நிற்கும்.

பழைய படகை மாற்றுவோர் இத்தகைய காற்றுத்தரையைப் பழைய தரைத்தாளின்மேல் பொருத்தி, பக்கக் குழாய்களில் ஒட்டிய வளையங்களோடு கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மிதக்கும் தரை நழுவி ஒரு பக்கம் ஏறிக்கொள்ளும். அதன்பின் தரைத்தாளில் மட்டும், ஓரமாக, வட்டமான துளைகளை இடலாம். மூலையுள்ள வெட்டு கிழிசலாக நீளும் என்பதால் வட்டமே பாதுகாப்பு. துளையைச் சுற்றி இருபுறமும் ஒட்டுத்துண்டு வைத்து, துருப்பிடிக்காத வளையம் பதிக்க வேண்டும். பிவிசி துணிக்கும், ஹைப்பலான் என்னும் செயற்கை ரப்பர் பூசிய துணிக்கும் பசை வேறு வேறு. ஒன்றுக்கு உரியது மற்றொன்றில் நிலைக்காது.

மோட்டார் பொருத்திய படகுகளுக்கு வேறொரு வழி உண்டு. விரைந்து செல்லும்போது, மோட்டாரைத் தாங்கும் பின்பலகைக்குப் பின்னால் நீர்மட்டம் பள்ளமாக இறங்குவதால், பலகையின் அடியிலுள்ள துளை வழியே உள்நீர் எளிதாக ஓடிவிடும். படகு நின்றதும் அந்தப் பள்ளம் நிரம்பிவிடும் என்பதால், அங்கே ஒருவழி மடிப்பு வால்வு கட்டாயம் வேண்டும்.

துளையிடும் முன் செய்ய வேண்டிய சோதனை எளியது. காற்றுத்தரையைப் பொருத்தி, வழக்கமாக ஏறும் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றி, அசைவற்ற நீரில் படகை நிறுத்தி, வெளிக்குழாயில் நீர் எட்டும் இடத்தில் முன்னும் பின்னும் கோடிட்டுக்கொள்ள வேண்டும். தரையின் மேற்பரப்பு எங்கும் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால் துளையிடலாம். பின்பகுதி மட்டும் தாழ்ந்திருந்தால் சுமையை முன்னே நகர்த்திப் பார்க்கலாம். தரை முழுவதும் தாழ்ந்திருந்தால் 15 செ.மீ. தடிப்புள்ள தரையைத் தேட வேண்டும், அல்லது ஓர் ஆளைக் குறைக்க வேண்டும். இரண்டும் இயலாவிட்டால் அந்தப் படகில் துளையிடாமல், கைப்பம்பையும் வாளியையுமே வைத்துக்கொள்ள வேண்டும்.