திம்பம் ஏறும் முன் சேசிஸ் எண்ணைப் பாருங்கள்

பழைய கார் வாங்கியவர்கள் எங்கள் பட்டறையில் விசாரிப்பது மைலேஜ், டயர், ஏசி பற்றித்தான். அந்த வண்டிக்குக் கம்பெனி ரீகால், அதாவது தயாரிப்புக் குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைப்பு, அறிவித்திருக்கிறதா என்று கேட்பவர் அரிது. சத்தியமங்கலத்தில் தொழில் செய்யும் எனக்கு இது பெரிய கவலை. பண்ணாரியைத் தாண்டினால் திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவுகள்.

எஞ்சின் கோளாறு வேறு, பிரேக் கோளாறு வேறு என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான கார்களில், நம் கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை எஞ்சினோ, அதனோடு சுழலும் பம்போதான் தருகிறது. எஞ்சின் நின்றுவிட்டால் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஓரிரு முறை மிதிப்பதற்கே போதும். பிறகு பெடல் கல்லாக இறுகிவிடும். பதற்றத்தில் விட்டு விட்டு மிதிப்பவர் அந்த மிச்சத்தையும் தீர்த்துவிடுகிறார். காலை எடுக்காமல் முழு பலத்தோடு அழுத்திப் பிடியுங்கள். கிளட்சை மிதிக்காமல் கியரிலேயே விட்டால் சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றும், வேகமும் கட்டுப்படும். சாவியை மட்டும் திருகி எடுத்துவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பெடல் இறுகாமல் உள்ளே புதைந்தால் கதை வேறு. அது பிரேக் ஆயில் கசிவாகவோ குழாயில் புகுந்த காற்றாகவோ இருக்கலாம், அப்போது வேகமாக விட்டு விட்டு மிதிக்கத்தான் வேண்டும்.

கோபியிலிருந்து வந்த ஒருவர், பெடல் அவ்வப்போது இறுகுகிறது என்று வேறிடத்தில் பிரேக் பேட்களை மாற்றிப் பணம் செலவழித்திருந்தார். வண்டிக்கு அவர் மூன்றாவது உரிமையாளர். வண்டியின் அடையாள எண்ணான சேசிஸ் எண்ணைப் போட்டுப் பார்த்தால், வெற்றிடப் பம்புக்கான ரீகால் வேலை செய்யப்படாமலே கிடந்தது. கம்பெனியின் கடிதம் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குப் போயிருக்க வேண்டும். ஒரு குடும்பமே ஏறி இறங்கும் வண்டி அது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

பைக் ஓட்டுபவர்களுக்கும் இது பொருந்தும். 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு இக்னிஷன் காயில் குறைபாட்டுக்காக 2,36,966 பைக்குகளைத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு டிசம்பரில், பின்பக்க டிரம் பிரேக் கொண்ட கிளாசிக் 350 வண்டிகள் 26,300. பெடலை மிகப் பலமாக மிதிக்கும்போது பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உள்ள ஒரு பிராக்கெட் சேதமடைந்து, பிரேக்கின் திறன் குறையலாம் என்பது காரணம். தானாக முன்வந்து அறிவிக்கும் கம்பெனியைக் குறை சொல்ல வேண்டாம், மறைத்தால்தான் ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 110ஏ பிரிவின்படி, அரசே திரும்ப அழைக்க உத்தரவிடவும் முடியும்.

ஆர்.சி.யில் 17 இலக்கச் சேசிஸ் எண் இருக்கும். கம்பெனியின் இணையதளத்தில் அதைக் கொடுங்கள், அல்லது அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் கேளுங்கள். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், ரீகால் வேலைக்குக் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் சேசிஸ் எண் குறித்த ஜாப் கார்டை, அதாவது செய்த வேலையின் பதிவுச் சீட்டை, கேட்டு வாங்கி ஆர்.சி.யோடு வையுங்கள். நாளை அந்த வண்டியை வாங்கப்போகிறவருக்கும் அது வேண்டும்.