ரோட்பிளாக்கில் காரைச் சோதிக்க வந்தால்

"சார், வாரண்ட் இல்லாம காரைத் தொடக்கூடாதாமே?" கோலாலம்பூரின் செந்தூல், கெப்போங் பக்கத்திலிருந்து என் வக்கீல் அலுவலகத்துக்கு வரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அமெரிக்கப் படங்கள் பார்த்த தைரியம். நம் மலேசியச் சட்டம் அப்படி இல்லை.

1967 போலீஸ் சட்டத்தின் 26ஆம் பிரிவு சாலைத் தடுப்புக்கானது. அங்கே எல்லா வாகனத்தையும் நிறுத்தலாம். நிற்காமல் ஓட்டிப் போனால் அதுவே தனிக் குற்றம். உள்ளே சோதிப்பது 24ஆம் பிரிவில் வருகிறது. வாகனம் குற்றத்துக்குப் பயன்படுவதாக நியாயமான சந்தேகம் இருந்தால் வாரண்ட் தேவையில்லை. சும்மா தோன்றியதற்காகப் பின்பெட்டியைக் கிளற இந்தப் பிரிவு இடம் தரவில்லை. ஆனால் வாடை வந்தது, பதில் சொல்லத் தடுமாறினான் என்று கோர்ட்டில் காரணம் சொல்வது கடினமா என்ன?

சரி, சோதனை சட்டப்படி நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கிடைத்த பொருள் செல்லாதா? செல்லும். 1955இல் பிரிவி கவுன்சில் (அன்றைய பிரிட்டிஷ் காலனிகளின் உச்ச மேல்முறையீட்டு மன்றம்) தீர்த்த குருமா வழக்கு கென்யாவிலிருந்து வந்தது. சைக்கிளில் போனவரை ரோட்பிளாக்கில் நிறுத்தி, சோதிக்கும் அளவுக்குப் பதவி இல்லாத போலீஸ்காரர்கள் சோதித்தார்கள். இரண்டு துப்பாக்கி ரவைகள் கிடைத்ததாகச் சொன்னார்கள். வழக்குக்குத் தொடர்புள்ள ஆதாரம் எப்படிக் கிடைத்தது என்று பார்க்கத் தேவையில்லை என்றது தீர்ப்பு. நம் நீதிமன்றங்களும் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகின்றன. அதனால் நடுரோட்டில் வாதாடி ஜெயிப்பதால் பெரிய லாபம் இல்லை. வார்த்தை தடித்துக் கைகலப்பானால் அரசு ஊழியரைத் தடுத்ததாக இன்னொரு வழக்கு வரும். 2 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும்.

அப்புறம் என்னதான் செய்வது? அதிகார அட்டையைக் காட்டச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும் நீலம், அதற்குக் கீழே மஞ்சள். சிவப்பு என்றால் இடைநீக்கத்தில் இருப்பவர். அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. பெயரையும் எண்ணையும் மனதில் வையுங்கள். சோதிக்கும்போது ஓரமாகப் போய் போனைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். எந்தக் கதவு திறந்தது, யார் கையை விட்டார், பொருள் எங்கிருந்து வெளியே வந்தது, எல்லாவற்றையும் கவனியுங்கள். குறுக்கு விசாரணையில் எனக்கு உதவுவது இதுதான். பெண்ணின் உடலைப் பெண் போலீஸ்தான் சோதிக்க வேண்டும். "பார்த்து முடிச்சிக்கலாம் துவான் (ஐயா)" என்று பண நோட்டை நீட்ட வேண்டாம். லஞ்சம் கொடுப்பவருக்கும் சிறை உண்டு.

எனக்கு வரும் வழக்குகளில் பெரிய தலைவலி இரவல் கார்தான். ஒரு தம்பி அண்ணன் காரில் கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு ஜாலான் ஈப்போவில் வந்தான். சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பை. "இனி சியாப்பா பூன்யா?" (இது யாருடையது?) என்று போலீஸ் மலாயில் கேட்டதும் பின்சீட்டில் இருந்த இருவரும் வாயைத் திறக்கவில்லை. இவன் பதற்றத்தில் "என் கார்தான், பை மட்டும் தெரியாது" என்றான். 1952 அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவுப்படி, போதைப்பொருள் உள்ள பை உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தது என்று காட்டிவிட்டால் போதும். பொருளும் உங்களுடையது, அது என்னவென்றும் உங்களுக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று காட்டும் பாரம் உங்கள் தலையில். "என் கார்" என்று அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் எதிர்த்தரப்பு கடைசிவரை ஓட்டியது.

அதனால் பெயர், முகவரி கேட்டால் சொல்லுங்கள், லைசென்ஸைக் காட்டுங்கள். குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்கு "வக்கீலிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்றால் போதும். கைது என்றால் காரணத்தைக் கேளுங்கள். வீட்டுக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்லக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் தேசிய சட்ட உதவி அறவாரியமான ஒய்பிஜிகே வக்கீல்கள் ரிமாண்ட் (விசாரணைக் காவல்) கேட்கும் கட்டத்துக்கே வருவார்கள். பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) இருக்கும்போதே வீட்டார் கேட்கட்டும். ரிமாண்ட் உத்தரவு போட்ட பிறகு வந்தால் எங்களுக்கு வேலை இரட்டிப்பாகிறது.