ஓட்டு மதிப்பு வழக்கு: சிபா முதல் தொகுதி சொல்லும் எச்சரிக்கை

ஜப்பானில் கீழவைத் தொகுதிப் பங்கீடு நியாயமில்லை என்றால் வாக்காளர் வழக்குப் போடலாம். பொதுப்பதவித் தேர்தல் சட்டத்தின் 204-வது பிரிவு இதற்கு வழி தருகிறது. போடுவதற்கு முன் சிபா முதல் தொகுதிக்கு நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள்.

டோக்கியோவை ஒட்டிய தொகுதி, 4 உறுப்பினர்கள். இடம் நான்கானாலும் ஒருவர் ஒரு பெயர்தான் எழுதலாம். ஜனம் குவிந்தது, இடம் கூடவில்லை. 1972 டிசம்பர் 10 தேர்தலில் நாட்டிலேயே மோசமான ஏற்றத்தாழ்வு 4.99 மடங்கு: ஹியோகோ ஐந்தாம் தொகுதியில் ஒரு ஓட்டுக்கு இருந்த மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் ஒசாகா மூன்றாம் தொகுதியில். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பைப் பார்த்துத் திருத்துவது என்று, எந்தத் தொகுதிக்கு எத்தனை இடம் என்று சொல்லும் சட்டத்தின் அட்டவணையிலேயே இருந்தது. யார் பார்த்தார்கள்?

முதல் பொறி, கெடு. தேர்தல் நாளிலிருந்து 30 நாள்தான். நகராட்சியில் மனு கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் கெடு போய்விடும். நேரே உயர் நீதிமன்றம் போங்கள், அதுவும் உங்கள் தொகுதிக்கு மட்டும்.

அடுத்தது, யார் மேல் வழக்கு? அட்டவணையைப் போட்டது நாடாளுமன்றம். பிரதிவாதியோ மாகாணத் தேர்தல் ஆணையம். "நாங்கள் போட்ட அட்டவணை இல்லையே" என்றால், சரிதான், ஆனாலும் சட்டப்படி அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

தீர்ப்பு 100 நாளில் வர முயல வேண்டும் என்கிறது சட்டம். 'முயல' என்ற சொல்லைக் கவனியுங்கள். சிபா முதல் தொகுதிக்காக வழக்குப் போட்ட வாக்காளர் தரப்பு உயர் நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வாங்கியது 1976 ஏப்ரல் 14-ல். இடையில் அவை கலைந்தால் வழக்கும் அதோடு சரி.

பெரிய பொறி கடைசியில்தான். அரசியலமைப்புக்கு முரண், தேர்தல் சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் செல்லாது என்று சொல்லவில்லை. உறுப்பினர்களை நீக்கினால் அட்டவணையைத் திருத்தும்போது அவையில் அந்தத் தொகுதிக்காரர்களே இருக்கமாட்டார்களாம். தவறு என்று சொல்லிவிட்டு, பொதுநலன் கருதி விட்டுவைக்கும் இந்த ஏற்பாட்டைத் தேர்தல் வழக்கில் நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 219-வது பிரிவு. பொதுவான சட்டக் கோட்பாடு என்று சொல்லி நீதிபதிகள் அதையும் தாண்டினார்கள்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1975-ல், இடங்கள் 20 கூட்டப்பட்டன. சிபா முதல் தொகுதியைப் பிரித்து நான்காம் தொகுதி உண்டாக்கினார்கள். ஆனால் சட்டவிரோதமாகத் தேர்வான அவை மட்டும் முழுப் பதவிக்காலமும் இருந்தது. போருக்குப் பிந்தைய அரசியலமைப்பின் கீழ் அப்படி நான்காண்டையும் முடித்த கீழவை அது ஒன்றுதான்.

1985-ல் 4.40 மடங்கு ஏற்றத்தாழ்வுக்கும் இதே தீர்ப்பு. பல உறுப்பினர் தொகுதிகள் 1994 சீர்திருத்தத்தோடு போயின. 204-வது பிரிவும் அந்த 30 நாள் கெடுவும் இன்றும் இருக்கின்றன.