வேல்யூ இன்ஜினியரிங்: மதிப்புப் பொறியியல்

கட்டுமானத்தில் பட்ஜெட் எகிறியதும் மீட்டிங்கில் ஒரு குரல் எழும்: "கொஞ்சம் வி.இ. (வேல்யூ இன்ஜினியரிங்) பண்ணிப் பாருங்க." பெரும்பாலும் அதற்கு அர்த்தம், டைல்ஸை மலிவான ரகத்துக்கு மாற்று, ஜன்னல் செக்‌ஷனை மெலிதாக்கு என்பதுதான். அது வெறும் செலவுக் குறைப்பு. வேல்யூ இன்ஜினியரிங் என்ற சொல் பிறந்தது வேறொரு கேள்வியிலிருந்து.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் மூலப்பொருள் தட்டுப்பாட்டில் தவித்தது. வேண்டிய பொருள் கிடைக்காமல் மாற்றுப் பொருளை வைத்துச் சமாளித்த இடங்கள் சிலவற்றில், மாற்று விலையும் குறைந்து வேலையையும் குறைவின்றிச் செய்தது. தற்செயலாக நடந்ததை ஒரு முறையாக்கியவர் அந்நிறுவனத்தின் லாரன்ஸ் மைல்ஸ். 1947-இல் அவர் வளர்த்தெடுத்த முறைக்குப் பெயர் வேல்யூ அனாலிசிஸ், அதாவது மதிப்புப் பகுப்பாய்வு. 1954-இல் அமெரிக்கக் கடற்படையின் கப்பல் பிரிவு இதை ஏற்றபோதுதான் 'இன்ஜினியரிங்' ஒட்டிக்கொண்டது. ஏற்கெனவே உருவான பொருளை ஆராய்ந்தால் பகுப்பாய்வு, வடிவமைக்கும்போதே செய்தால் பொறியியல் என்று பிரித்துச் சொல்வதும் உண்டு. இந்தியாவில் இதற்கான சங்கம் 1977-இல் தொடங்கியது.

மைல்ஸின் கேள்வி: இந்தப் பொருள் என்ன பணி செய்கிறது? பணியை ஒரு பெயர்ச்சொல், ஒரு வினைச்சொல் என இரண்டே சொற்களில் சொல்ல வேண்டும்: 'சுமை தாங்கு', 'வெப்பம் தடு'. அப்படிச் சொல்ல வராவிட்டால் பணி என்னவென்று இன்னும் பிடிபடவில்லை. கிடைக்கும் பணியைச் செலவால் வகுத்தால் மதிப்பு. பணி குறையாமல் செலவு குறைந்தாலும் மதிப்பு கூடும். செலவு சற்று ஏறிப் பணி நிறையக் கூடினாலும் மதிப்பு கூடும். இரண்டாவது வழியை மீட்டிங்கில் யாரும் நினைப்பதில்லை.

தமிழில் மதிப்புப் பொறியியல் பொருத்தமான சொல். மதித்தல் என்பதற்குத் தரத்தை அளவிடுதல், போற்றுதல் என இரு பொருளும் உண்டு. 'மதிப்பீட்டுப் பொறியியல்' என்று எழுதுவது தவறு. மதிப்பீடு என்பது நம்மிடம் எஸ்டிமேட்டுக்கும் வேல்யுவேஷனுக்கும் வழங்கும் சொல். விலைப்புள்ளி போடுகிற வேலை என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'மதிப்புக்கூட்டல்' உழவர் சந்தைக்குப் போய்விட்ட சொல், அதை அங்கேயே விட்டுவிடலாம்.

இதனுடன் இன்று சேர்ந்தே வருவது பிம், அதாவது கட்டடத்தின் பாகங்களை அவற்றின் அளவு, தகவல்களோடு கணினியில் உருவாக்கும் முறை (பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங்). 1970-களில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஈஸ்ட்மன் கட்டடத்தைக் கோடுகளாக இல்லாமல் பாகங்களாகக் கணினிக்குள் வைக்க முயன்றார். 'கட்டடத் தகவல் மாதிரி' என்ற சொற்கோவை 1992-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையில் வந்தது. தமிழில் ஒரு சிக்கல்: சைட்டில் மாதிரி என்றால் சாம்பிள், சோதனைக்கு அனுப்பும் கான்கிரீட் கியூப். ஆகவே கணினியில் இருப்பதை மாதிரியுரு என்றும், அதை உருவாக்கும் வேலையை மாதிரியாக்கம் என்றும் எழுதினால் குழப்பம் இராது.

மாதிரியுருவின் பயன், மாற்றுத் திட்டத்தின் அளவுகளை உடனே தருவது. ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். தளத்துக்குத் தளம் 3 மீட்டர், மேலே 600 மி.மீ. பீம், எனவே சுவர் உயரம் 2.4 மீட்டர். 230 மி.மீ. செங்கல் சுவர், பூச்சு நீங்கலாக, ரன்னிங் மீட்டருக்குச் சுமார் 1,050 கிலோ. அதே இடத்தில் 200 மி.மீ. ஏ.ஏ.சி. பிளாக், அதாவது காற்றுக்குமிழ் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் கல், வைத்தால் சுமார் 340 கிலோ. 'இடம் பிரி' என்ற பணியை இரண்டும் செய்கின்றன. ஆனால் லாபம் பிளாக் விலையில் மட்டும் இல்லை. சுமையில் குறைந்த அந்த 700 கிலோ, பீம், தூண், அஸ்திவாரம் வரை இறங்கிக் கம்பியைக் குறைக்கும். ஸ்ட்ரக்சுரல் டிசைன் முடியும் முன் முடிவெடுத்தால்தான் அது கைக்கு வரும். அஸ்திவாரம் போட்ட பிறகு மாற்றினால் மிச்சம் சுவரோடு நின்றுவிடும்.

அடுத்து, அந்தச் சுவரின் துணைப்பணிகள். 'ஒலி தடு' என்பதில் எடை குறைந்த சுவர் பின்தங்கும். படுக்கையறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இதை யோசிக்க வேண்டும். 'கீசர் தாங்கு' என்றால் சாதாரண பிளக் போதாது, ஏ.ஏ.சி.க்கான ஆங்கர் வேண்டும். தூணும் பிளாக்கும் சேரும் இடத்தில் மெஷ் வைக்காமல் பூசினால் விரிசல் விடும். இந்தச் செலவுகளையும் ஏற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

அளவுகளிலும் பிழை நுழையும். சுவரைப் பீமின் அடியில் நிறுத்தாமல் மேல் ஸ்லாப் வரை இழுத்திருந்தால் 2.4 மீட்டர் 3 மீட்டர் ஆகிவிடும், அளவு 25 சதவீதம் அதிகம். பீமையும் ஸ்லாபையும் இணைக்காமல் விட்டால் கான்கிரீட் இருமுறை எண்ணப்படும்: 300 மி.மீ. அகலம், 150 மி.மீ. ஸ்லாப், 6 மீட்டர் நீளம் என்றால் ஒரு பீமுக்கு 0.27 கன மீட்டர். தளத்துக்கு 40 பீம் என்றால் 10.8 கன மீட்டர், கிட்டத்தட்ட இரண்டு டிரான்சிட் மிக்சர் லோடு.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. மாதிரியுரு தருவது நிகர அளவு; பில் போடுவது கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1200 முறைப்படி. இருபுறமும் ஒரே பூச்சு என்றால் 0.5 முதல் 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு ஒரு முகத்தை மட்டுமே கழிக்க வேண்டும். 0.9க்கு 2.1 மீட்டர் கதவு 1.89 சதுர மீட்டர். மென்பொருள் இரண்டு முகத்தையும் கழித்துவிடும். நூறு கதவுக்கு 189 சதுர மீட்டர் பூச்சு கணக்கில் விழாது. மாதிரியுருவின் ஒவ்வொரு பாகத்துக்கும் பி.ஓ.க்யூ. (வேலைகளின் அளவுப் பட்டியல்) ஐட்டம் எண்ணைக் கொடுத்து, இத்தகைய கழிவு விதிகளை எக்செலில் தனிப் பத்தியாக வைத்துத் திருத்துவதே வழி. கம்பியை மாதிரியாக்காமல் கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று போட்டிருந்தால், மேலே சொன்ன சுவர் எடை மிச்சம் கணக்கில் தெரியவே தெரியாது. ஒப்பிடப்போகும் தளத்துக்காவது இரண்டு சுமைக்கும் தனித்தனியே டிசைன் ஓட்டிக் கம்பி எடை எடுக்க வேண்டும்.

யோசனை சொன்ன கான்ட்ராக்டருக்கு என்ன கிடைக்கும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். செய்த அளவுக்கு ஐட்டம் வாரியாகப் பணம் தரும் ஐட்டம் ரேட் ஒப்பந்தத்தில் அளவு குறைந்தால் அவர் பில்தான் குறையும், பேசாமல் இருப்பார். ஆலோசனைப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஃபிடிக்கின் 1999 சிவப்புப் புத்தகத்தில், அதாவது கட்டுமான ஒப்பந்த நிபந்தனைகளின் தொகுப்பில், 13.2-ஆம் பிரிவு இதற்கானது. அவர் யோசனையால் அவரே வடிவமைத்த பகுதியில் மிச்சமாகும் தொகையை அப்படியே பங்கு போடுவதில்லை. தரமோ ஆயுளோ குறைந்து உரிமையாளருக்கு ஏற்படும் மதிப்பிழப்பை முதலில் கழித்து, மீதியில்தான் பாதி அவருக்கு. மிச்சத்தைவிட இழப்பு பெரிதானால் அவருக்கு ஒன்றும் கிடையாது.