குவாண்டம் திரவத்துல சின்ன சுழிங்க அழிஞ்சா பெரிய சுழல் எப்படி வருது?

2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடசொல்ல விருதம்பட்டு பக்கம் பாலத்து மேல நின்னு பாத்தவங்களுக்கு தெரியும், தூணைத் தாண்டின உடனே தண்ணி பெருசா சுழிச்சிக்கிட்டு கிளம்பும், கொஞ்ச தூரம் போறதுக்குள்ள அது உடைஞ்சு சின்ன சுழிங்களாகி, அதுவும் உடைஞ்சு, கடைசில வெறும் சலசலப்புதான் மிச்சம். பெரிய சுழியோட எனர்ஜி இப்படியே படிப்படியா கீழ இறங்கி, ரொம்ப சின்ன அளவுக்கு வந்ததும் தண்ணியோட உராய்வுல சூடா மாறிடுது. 1941ல ரஷ்ய கணித மேதை கோல்மோகோரோவ் இதுக்கு கணக்கே போட்டு குடுத்துட்டாரு.

ஆனா திரவத்த தட்டையாக்கி, மேல கீழ அசைய வழியே இல்லாம பண்ணிட்டா கதை தலைகீழா மாறுது. ஆத்துல ஒரு சுழிய நீட்டி ஒல்லியாக்க முடியும், ஒல்லியாச்சுன்னா வேகமா சுத்தும், அப்படித்தான் எனர்ஜி கீழ போகுது. தட்டையில நீட்ட இடமே இல்ல. அதனால எனர்ஜி சின்னதுலருந்து பெருசுக்கு ஏறும்னு 1967ல அமெரிக்க இயற்பியலாளர் கிரெய்க்னன் சொன்னாரு.

இதுல குவாண்டம் எங்க வருதுன்னா, ரூபிடியம்ங்கிற உலோகத்தோட அணுக்கள வாயுவாக்கி, முழுப்பூஜ்யத்துக்கு (குளிரோட கடைசி எல்லை) மேல ஒரு டிகிரில கோடில ஒரு பங்கு அளவுக்கு குளுமையாக்கினா எல்லாம் சேர்ந்து ஒரே அலை மாதிரி நடந்துக்கும். 1924ல நம்ம சத்யேந்திர நாத் போஸ் ஆரம்பிச்சு வச்ச கணக்குலருந்து ஐன்ஸ்டீன் சொன்ன பொருள் இது, கைல கிடைச்சது 1995லதான். இது வாயுதான், ஆனா திரவம் மாதிரி ஓடும், உராய்வு கிடையாது. சுழியும் இஷ்டத்துக்கு பெருசு சின்னதா இருக்க முடியாது, ஒவ்வொன்னும் அச்சுல வார்த்த மாதிரி ஒரே பலம், நடுவுல அணுவே இல்லாத ஒரு ஓட்டை. வித்தியாசம் ஒன்னுதான், வலமா சுத்துதா இடமா சுத்துதா.

ஒரே பக்கம் சுத்துற ரெண்டு சுழி பக்கத்துல வந்தா ஒன்ன ஒன்னு சுத்தி வரும். எதிரும் புதிருமான ரெண்டு வந்தா ஜோடியா நேர் கோட்டுல ஓடும், ரொம்ப நெருங்கிட்டா ரெண்டுமே காணாம போயி ஒலி அலையா சிதறிடும்.

எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இதுதான். எதிர் ஜோடி நெருங்கி இருக்கசொல்ல ஒன்னோட ஓட்டத்த இன்னொன்னு அடிச்சிடுது, அதனால அதுங்க கிட்ட எனர்ஜி ரொம்ப கம்மி. வேலூர் அக்னி நட்சத்திரத்துல மண்பானை தண்ணி ஜில்லுன்னு இருக்க காரணம், சூடான மூலக்கூறுங்க ஆவியா வெளிய போறதால மிச்சம் குளுந்துடுறது. இங்க அப்படியே எதிர்மாறு, எனர்ஜி கம்மியான ஜோடிங்கதான் அழிஞ்சு வெளிய போகுது, அதனால மிச்சம் இருக்கிற ஒவ்வொரு சுழிக்கும் சராசரி பங்கு ஏறிக்கிட்டே போகுது. அவ்ளோ எனர்ஜிய வச்சிக்கணும்னா ஒரே ஒரு வழி, வலம் எல்லாம் ஒரு பக்கம், இடம் எல்லாம் இன்னொரு பக்கம்னு கும்பல் சேரணும். யாரும் சேத்து வைக்காமலே கலாட்டாவுக்குள்ளருந்து ஒழுங்கு வந்துடுது!

இத 1949லயே பேப்பர்ல எழுதி வச்சவரு லார்ஸ் ஆன்சாகர்ங்கிற விஞ்ஞானி. வழக்கமா எனர்ஜி சேர சேர ஒழுங்கின்மை கூடும். இங்க பாத்திரம் ஒரு அளவுக்குள்ள அடங்கினது, ஒரு எல்லைக்கு மேல எனர்ஜி சேத்தா சுழிங்க நிக்கக்கூடிய விதங்களே குறைஞ்சிடும், அதனால கணக்குல வெப்பநிலை மைனஸ்ல வருது. பூஜ்யத்த விட குளிர்னு நினைச்சிடாதீங்க, எந்த பிளஸ் வெப்பநிலையையும் விட சூடுன்னு அர்த்தம்.

கண்ணால பாக்க 70 வருஷம் ஆச்சு. 2019ல ஆஸ்திரேலியால குயின்ஸ்லாந்து, மோனாஷ் ரெண்டு யுனிவர்சிட்டி குழுவும் தட்டையா பிடிச்சு வச்ச ரூபிடியம் வாயுவ லேசர் ஒளியாலயே கலக்கி விட்டாங்க. வாயுவ கொஞ்சம் விரிய விட்டு போட்டோ எடுத்தா சுழியோட ஓட்டைங்க கருப்பு புள்ளியா விழும், அந்த புள்ளிங்க கும்பல் கும்பலா நின்னுது. மோனாஷ்ல கலக்கி விட்டுட்டு காத்திருந்தப்போ, ஜோடிங்க அழிய அழிய கும்பல் தானா பெருசானது தெரிஞ்சுது. அதே வருஷம் குயின்ஸ்லாந்துலயே இன்னொரு குழு, சிலிக்கான் சிப் மேல படிஞ்ச மெல்லிசான, இதே மாதிரி உராய்வில்லாத ஹீலியம் படலத்துலயும் சுழி கும்பலோட நகர்வ லேசர் வச்சு அளந்துட்டாங்க.