நீதிக்கு ஏது ‘அணுகல்’?

திருகோணமலையில் சுற்றாடல் பற்றிய கூட்டம் என்றால், மேடைப் பதாகையில் ‘நீதிக்கான அணுகல்’ என்று எழுதாமல் விடமாட்டார்கள் போலிருக்கிறது. ஆங்கிலத்தில் அக்சஸ் டு ஜஸ்டிஸ். அக்சஸ் இலத்தீன் வழி வந்த சொல். கிட்டப் போவது என்று பொருள். சரி, அகராதியைத் திறந்து ‘அணுகல்’ என்று போட்டால் வேலை முடிந்ததா?

முதலில் இலக்கணமே இடிக்கிறது. ஒருவரை அணுகுவோம், ஒருவருக்கு அணுகுவதில்லை. ‘டு’வைக் கண்டதும் ‘கு’வைப் போட்டுவிட்டார்கள். பொருளும் பாதிதான். ‘அகலாது அணுகாது’ என்ற குறளிலும் அணுகுதல் கிட்டப் போவது மட்டுந்தான். போன பிறகு ஏதும் கிடைத்ததா என்று அந்தச் சொல் சொல்லாது. சுற்றாடல் பற்றி நாடுகள் சேர்ந்து வெளியிட்ட 1992ஆம் ஆண்டு ரியோ பிரகடனத்தின் 10ஆம் கோட்பாடோ பரிகாரத்தையும் சேர்த்தே சொல்கிறது.

கிண்ணியாப் பக்கம் மண் அள்ளி ஆற்றங்கரை இடிகிறது என்று வையுங்கள். பிரதேச செயலகம், சுற்றாடல் அதிகாரசபை, சுரங்கப் பணியகம் எல்லாம் அணுகியாயிற்று. கடிதத்தில் முத்திரையும் விழுந்தது. கரை இடிந்துகொண்டே இருக்கிறது. ‘அணுகல் வழங்கப்பட்டது’ என்று அறிக்கை எழுத மட்டும் இந்தச் சொல் நன்றாக உதவும். இதே மாவட்டத்துச் சம்பூரில் நிலக்கரி அனல்மின் நிலையம் கட்டப்போவதில்லை என்று 2016இல் அரசு சொன்னது உயர் நீதிமன்றத்தில்தான். (தமிழக வாசகர் குழம்ப வேண்டாம், இங்கே அதுதான் உச்சம்.) அப்படி ஒரு முடிவு கையில் கிடைப்பதை ‘அணுகல்’ என்பீர்களா?

அரசனை எளிதில் காண முடிய வேண்டும் என்கிற ‘காட்சிக்கு எளியன்’ குறளுக்கு உரை சொல்லும்போது, முறை வேண்டினாரையும் குறை வேண்டினாரையும் பரிமேலழகர் கொண்டுவருகிறார். முறை என்றால் அங்கே நீதி. முறைப்பாடு, முறையீடு எல்லாம் அந்த வேர்தான். பொலிஸ் நிலையத்தில் இன்றும் முறைப்பாடுதான் கொடுக்கிறோம். ஆகவே ‘முறையிட்டு நீதி பெறும் வழி’ என்பேன். சுருக்கினால் ‘நீதி பெறும் வழி’. நீளம் என்பார்கள். ‘நீதிக்கான அணுகலை உறுதிப்படுத்தல்’ என்று எழுதுகிறவர்கள் நீளத்தைப் பற்றிப் பேசக்கூடாது.

கணினியில் கோப்பை அணுகட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. ‘நீருக்கான அணுகல்’ என்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. தண்ணீர் கிடைக்கிறதா, இல்லையா?

கொழும்பில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, கடைசி நேரத்தில் தமிழாக்கத்துக்குத் தள்ளுவதால் வரும் வினை இது. அப்புறம் துண்டுப்பிரசுரம் முழுக்க அணுகல் இருக்கும். பொதுத்தொல்லை என்றால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றோ, அடிப்படை உரிமை மனு என்றால் ஒரு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்றோ ஒரு வரி இருக்காது.